பூர்ணிமாவின் ஓட்டு

வடிவேல் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாத குழந்தைக்குத்தான் பெயர்கள் அதிகம். பால்காரர் 'குட்டிம்மா' என்றார். எதிர்வீட்டு ஜெயம் அக்கா 'உருண்டை' என்றார். அப்பா வடிவேல் 'முதலாளி' என்றார். அது ஒரு சத்தம் போட்டால் போதும், வீட்டில் எல்லோரும் ஓடிவந்து கைகட்டி நின்றார்களே, அதனால்.

பூர்ணிமா மட்டும் 'பாப்பா' என்றாள். அவள் ஐந்தாம் வகுப்பு. பத்து வருஷம் ஒற்றைப் பிள்ளையாக இருந்துவிட்டு இப்போதுதான் அக்கா ஆகியிருக்கிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தூளி கட்டிப் பெயர் வைப்பதாக இருந்தது. பெயருக்குப் பஞ்சமில்லை. இரண்டு பெயர்கள் தயாராக இருந்தன. அதுதான் தொல்லை.

அம்மா சரிதாவுக்கு 'இனியா'. அப்பாவுக்கு 'சுடர்விழி'.

"பொறந்ததும் கண்ணத் தொறந்து என்னத்தான் பாத்துச்சு" என்றார் அப்பா. "கதிர்காமம் ஆஸ்பத்திரியில எவ்ளோ லைட்டு எரிஞ்சுது! அத்தன லைட்ட விட இது கண்ணுதான் பளிச்சுனு இருந்துச்சு. அதனால பேரு சுடர்வியி."

"இன்னா பேரு?" என்று கேட்டாள் அம்மா.

"சுடர்வியி."

"மொதல்ல உங்க வாயில நொழையுதான்னு பாருங்க. விழி. ழி!"

"அதத்தான் நானும் சொல்றேன். வியி."

பூர்ணிமா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா விடவில்லை.

"இனியான்னு வச்சா மட்டும்? நாளைக்கு இஸ்கூல்ல டீச்சர், 'இனியாவது ஒழுங்கா படிங்க'ம்பாங்க. இது எந்திரிச்சு நின்னு, 'நான் ஒழுங்காத்தான் படிக்கிறேன் டீச்சர்'னு அழும்."

இப்படியே நாள் போனது. கடைசியில் அப்பாதான் ஒரு வழி சொன்னார்.

"ஒனக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு. ரெண்டும் சமம். பூர்ணி ஓட்டு எதுக்கோ, அதான் பேரு."

வழக்கமாக அத்தைதான் குழந்தையின் காதில் பெயரைச் சொல்வார். வடிவேலுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அதனால் அந்த வேலையும் பூர்ணிமாவிடமே வந்து சேர்ந்தது. ஓட்டும் அவளுடையது, சொல்லும் வாயும் அவளுடையது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே உபசாரம். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, சாயங்காலம் வரும்போது கொய்யாப்பழத்தோடு வந்தார். "இது சுடர்வியி குடுத்தனுப்புன கொய்யா" என்றார். அம்மா அவள் தோசையில் மட்டும் நெய் விட்டாள். "இது இனியா ஊத்துன நெய்."

பூர்ணிமாவுக்கு இரண்டு பெயருமே பிடித்திருந்தன. சுடர்விழி என்று சொல்லும்போது மத்தாப்பு கொளுத்துவது போல இருந்தது. இனியா என்று சொல்லும்போது நாக்கில் ஏதோ கரைவது போல இருந்தது. ஆனாலும் அவள் மனம் மெல்ல இனியா பக்கம்தான் சாய்ந்தது. அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னது அப்படி.

"நீ பொறந்தப்பவே இனியான்னு வைக்கத்தான் ஆசப்பட்டேன். நீ பௌர்ணமி அன்னிக்கு வந்து நின்ன. ஆளாளுக்குப் பூர்ணிமான்னு சொல்லிட்டாங்க. அதுவும் நல்ல பேருதான். நான் என் பேர அப்பவே மடிச்சு எடுத்து வச்சிட்டேன்."

பத்து வருஷம் மடித்து வைத்த பெயர். அதை எப்படி வேண்டாம் என்பது?

புதன்கிழமை சாயங்காலம், தன் ஓட்டு இனியாவுக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு, பூர்ணிமா ஜெயம் அக்காவிடம் போண்டா வாங்கப் போனாள். ஜெயம் அக்கா தன் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்துப் போண்டா போடுபவர். சந்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்தச் சேதி அந்த அடுப்பைத் தாண்டித்தான் போகும்.

மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா, இடுப்பில் குழந்தையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். கொழுகொழுவென்று, ரோஜாப்பூ நிறத்தில் ஒரு குழந்தை. அது எண்ணெய்ச் சட்டியின் பக்கம் கையை நீட்டியது.

"இனியா! கைய நீட்டாத, சுடும்!" என்றார் மூலை வீட்டு அக்கா.

பூர்ணிமா திடுக்கிட்டுப் பார்த்தாள். "அக்கா, உங்க பாப்பா பேரு இனியாவா?"

"ஆமா கண்ணு."

"எங்க பாப்பாவுக்கும் அந்தப் பேருதான் வைக்கலாம்னு..."

"வைங்களேன்! நல்ல பேராச்சே" என்று மூலை வீட்டு அக்கா சிரித்தார்.

ஜெயம் அக்கா கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார். "அதுக்கென்ன? ஒரே சந்துல ரெண்டு இனியா. இது செவப்பு இனியா, ஒங்க வீட்டுது கருப்பு இனியா. கொழப்பமே இல்ல!"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பூர்ணிமாவின் பொட்டலத்தில் ஒரு போண்டா கூடவே போட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் பூர்ணிமாவால் அந்தப் போண்டாவைச் சாப்பிட முடியவில்லை.

ஏனென்றால், கருப்பு என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வகுப்பில் இரண்டு பூர்ணிமாக்கள். ஒருத்தி வடிவேல் மகள். இன்னொருத்தி வினோத்குமார் மகள். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இவளுக்கும் முதலெழுத்து V. அவளுக்கும் முதலெழுத்து V. பள்ளி திறந்த அன்றைக்கு மாலா மிஸ், "வி. பூர்ணிமா" என்று கூப்பிட்டார். இருவரும் எழுந்து நின்றார்கள்.

"எந்தப் பூர்ணிமா மிஸ்? கருப்பா, செவப்பா?" என்று பின்பெஞ்சிலிருந்து விஜய் கேட்டான்.

வகுப்பே சிரித்தது. மாலா மிஸ், "உஷ்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு கருப்பு பூர்ணிமாவும் ஒரு சிவப்பு பூர்ணிமாவும் இருந்தார்கள். பந்து விளையாடும்போது, "கருப்பு பூர்ணிமா, தூக்கிப் போடு." சாப்பாட்டு வரிசையில், "கருப்பு பூர்ணிமாவுக்கு அப்புறம் நான்." யாரும் சண்டை போடவில்லை. யாரும் அடிக்கவில்லை. அதனால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

விஜய் ஒரு நாள் புதிதாக ஒன்று கண்டுபிடித்தான். "பௌர்ணமின்னா வெளிச்சமா இருக்கணும். இது கருப்புப் பௌர்ணமி. அப்ப இது அமாவாசைடா!"

அன்று பூர்ணிமாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும். இதையெல்லாம் அவள் வீட்டில் சொன்னதே இல்லை.

மறுநாள் காலை. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பாப்பாவைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா கடலைமாவைக் குழைத்துப் பாப்பாவின் கையிலும் காலிலும் தேய்த்தாள். தினமும் அப்படித்தான் தேய்ப்பாள். தேய்த்தால் நிறம் வருமாம்.

"நான் ஓட்டு போடப்போறேன்" என்றாள் பூர்ணிமா. "சுடர்விழி."

"அப்படிப் போடு!" என்று அப்பா சொம்பைத் தூக்கி ஆடினார். பாதி வெந்நீர் அவர் காலில் கொட்டியது.

அம்மாவின் கை நின்றது. "நேத்து வரைக்கும் இனியா இனியான்னு கொஞ்சுன?"

"மூல வீட்டுப் பாப்பா பேரும் இனியாதாம்மா."

"இருந்தா இருக்கட்டுமே. ஊர்ல ஒரு பேருக்கு ஒரு ஆளுதானா?"

"ரெண்டு பேரு இருந்தா... ஜெயம் அக்கா அத செவப்பு இனியா, நம்மத கருப்பு இனியான்னு கூப்புடுவாங்களாம்."

"அது வெளாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க பூர்ணி."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் அப்பா. "மார்க்கெட்ல நாங்க ரெண்டு வடிவேலு. அவன் நெட்ட வடிவேலு. என்னக் கருப்பு வடிவேலும்பாங்க. இருவது வருஷமா அப்பிடித்தான். எங்கயாவது கொறஞ்சா போயிட்டேன்?"

பூர்ணிமா அப்பாவைப் பார்த்தாள். "உனக்கு அது புடிக்குமாப்பா?"

அப்பா சொம்பை அண்டாவுக்குள் விட்டு மொண்டார். மறுபடி அண்டாவுக்குள்ளேயே ஊற்றினார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "பூர்ணி, ஒன்ன யாராச்சும் அப்பிடிக் கூப்புடுறாங்களா?"

பூர்ணிமா தலையை ஆட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அமாவாசை வரைக்கும்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் கடலைமாவு. அவள் பாப்பாவின் மேல் தேய்த்தது போக மிச்சம் இருந்த மாவைக் கிண்ணத்தோடு தள்ளி வைத்தாள். "தண்ணி ஊத்துங்க" என்றாள்.

பாப்பாவைத் துடைத்துத் துணியில் சுற்றியபோது, "சுடர்விழியே வச்சிடலாம்" என்றாள் அம்மா. "அதுவும் நல்ல பேருதான்."

பத்து வருஷத்துக்கு முன்னாலும் அம்மா இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று பூர்ணிமாவுக்குத் தோன்றியது. ஜெயித்த அப்பாவின் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அவர் ஈர விரலால் சிமெண்ட் தரையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவதில் அவர் வேகம் கொஞ்சம் குறைவு. 'வ. சுடர்விழி' என்று முடிப்பதற்குள் முதல் எழுத்து காய ஆரம்பித்துவிட்டது.

பூர்ணிமா காய்ந்துகொண்டிருந்த அந்த எழுத்தையே பார்த்தாள். "அப்பா, வடிவேலுக்கு 'வ'தானே?"

"ஆமா. பின்ன 'ப'வா?"

"வினோத்குமாருக்கு?"

"'வி'. வானாவுக்கு மேல கொக்கி."

பூர்ணிமா குதித்து எழுந்தாள். "என் ஓட்ட எழுதிடாதீங்க. ஞாயித்துக்கிழமைதான சொல்லணும்? அதுக்குள்ள எனக்கு ஒரு வேல இருக்குது."

"நான் வேணா இஸ்கூலுக்கு வரட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"நீ பாப்பாவப் பாத்துக்கம்மா. நான் பேசிக்கிறேன்."

மணி அடிப்பதற்கு முன்பே அவள் மாலா மிஸ்ஸின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், V-ன்னு எழுதுனா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம். தமிழ்ல எழுதுனா நான் 'வ', அவ 'வி'. வேற வேற மிஸ். அப்புறம் எங்களக் கருப்பு, செவப்புன்னு பிரிக்க வேணாம்."

மாலா மிஸ் பேனாவை மூடி வைத்தார்.

"நானும் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் பூர்ணிமா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு இது தோணவே இல்ல பாரு."

அன்று முதல் பாடமே அதுதான். "எல்லாரும் அப்பா பேரச் சொல்லுங்க. தமிழ் முதலெழுத்த பூர்ணிமா போர்டுல எழுதுவா."

ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தது இன்னொரு பூர்ணிமா. 'வி. பூர்ணிமா' என்று எழுதியதும் அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் அந்தச் செவப்பு புடிக்கல. மூஞ்சியில எதையோ அப்பிக்கிட்ட மாதிரி இருக்கும்" என்று காதோரமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூர்ணிமாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விஜய் முறை வந்தது. அவன் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"எனக்கு A. A-ன்னே எழுது."

"தமிழ்ல 'அ'வா, 'ஆ'வா, 'ஏ'வா? பேரச் சொன்னாத்தான் தெரியும்."

விஜய் வகுப்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பூர்ணிமாவின் காதருகே குனிந்து, காற்றைப் போல ஒரு வார்த்தை சொன்னான்.

"அம்மாவாசை."

பூர்ணிமாவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. விஜய்யின் முகம் வெளுத்திருந்தது. 'சொல்லிடாத' என்று அவன் வாய் சொல்லவில்லை. கண் சொன்னது.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சத்தமாகச் சொன்னால் போதும். வகுப்பு ஒரு மாதத்துக்குச் சிரிக்கும். அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் அப்பா எப்போதாவது பள்ளி வாசலுக்கு வந்து, இவன் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயர் அவருடையது. அதை வைத்து எப்படிச் சிரிப்பது?

'அ. விஜய்' என்று எழுதினாள். "அடுத்து யாரு?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும் மாலா மிஸ் புதிதாகப் பெயர் கூப்பிட்டார். "வ. பூர்ணிமா!"

"வா பூர்ணிமாவா? அவ இங்கதான மிஸ் இருக்கா, இன்னும் எங்க வரணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். வகுப்பு சிரித்தது. பூர்ணிமாவும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு குத்தவில்லை.

மதியம் சாப்பாட்டு வரிசையில் யாரோ பழக்கத்தில், "ஏ கருப்பு பூர்..." என்று ஆரம்பித்தார்கள்.

"போர்டுல எழுதியிருக்குல்ல? வ. பூர்ணிமா. படிக்கத் தெரியாதா?" என்று ஒரு குரல் அதட்டியது. பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். விஜய் தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கொய்யாப்பழம் இல்லை. சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மார்க்கெட்ல ஒரு கூத்து" என்றார். "மேஸ்திரி, 'ஏய் கருப்பு வடிவேலு'ன்னாரு. நான் திரும்பல. மறுபடியும் கூப்புட்டாரு. திரும்பல. கிட்ட வந்து, 'காது கேக்கலியா'ன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"'என் பேரு வடிவேலு'ன்னேன். 'அவனும் வடிவேலுதானடா'ன்னாரு. 'அப்ப இப்ப வந்தீங்கல்ல, அதே மாதிரி கிட்ட வந்து மூஞ்சப் பாத்துக் கூப்புடுங்க'ன்னேன்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"சிரிச்சாரு. அப்புறம் மூட்டைய ஏத்தும்போது, 'வடிவேலு, பாத்து'ன்னாரு. வெறும் வடிவேலு. முதுகுல மூட்டை கொஞ்சம் லேசா இருந்த மாதிரி இருந்துச்சு." அப்பா பூர்ணிமாவைப் பார்த்தார். "நீ காலையில கேட்டியே, புடிக்குமான்னு. புடிக்கலம்மா. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பூர்ணிமா அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"காலையில நான் போட்டது பயந்து போட்ட ஓட்டு. அது செல்லாது" என்றாள். "என் ஓட்டு இனியாவுக்கு."

அம்மா பூர்ணிமாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அப்ப என் சுடர்வியி?" என்று அப்பா கேட்டார்.

"நீ அந்தப் பேர மொதல்ல சரியா சொல்லப் பழகுப்பா. அடுத்த பாப்பாவுக்கு வைக்கலாம்."

"அடுத்ததா? அய்யோ, ஆள விடுங்க!" என்றாள் அம்மா.

பூர்ணிமாவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவள் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"ஜெயம் அக்கா, எங்க பாப்பாவுக்கு இனியான்னுதான் வைக்கப் போறோம். நெறம் சேக்காம கூப்புடுறீங்களா?"

"ஏண்டி, நான் வெளாட்டுக்குச் சொன்னேன். அப்ப எது எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"மூஞ்சப் பாத்தா தெரியாதாக்கா?"

ஜெயம் அக்கா சட்டியில் கிடந்த போண்டாவை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் திருப்பி முடித்த பிறகு சொன்னார். "தெரியாம இன்னா. நல்லாவே தெரியும். சரி, இனிமே சொல்லல. வாய் தவறி வந்துடுச்சுன்னா ஒனக்கு ஒரு போண்டா அபராதம்."

சனிக்கிழமைக்குள் பூர்ணிமாவுக்கு இரண்டு போண்டா கிடைத்தன. அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். அம்மாவின் பழைய பச்சைச் சேலையில் தூளி கட்டியிருந்தார்கள். ஜெயம் அக்கா சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்றார். மூலை வீட்டு அக்கா தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூர்ணிமா தூளிக்குள் குனிந்தாள். பாப்பாவின் காது வெற்றிலைத் துளிர் போல மெல்லியதாக இருந்தது. முதல் முறை, பாப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். இரண்டாம் முறை, அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள். மூன்றாம் முறை, சந்து முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்.

"இனியா!"

தூளியில் இருந்த இனியா கொட்டாவி விட்டாள். இடுப்பில் இருந்த இனியா, "ஆ!" என்று பதில் சொன்னாள்.